இலக்கத்தின் மேல் சுமத்திய பழி

கம்பியில்லாத ஒலிபெருக்கிப் பெட்டி அறுந்தறுந்து பாடினால் அதற்குக் காரணம் சாம்பிள் ரேட் ஒத்துவராமையே என்றும், அந்த இலக்கத்தை மாற்றியமைப்பதே பரிகாரம் என்றும், அதே இலக்கம் எவ்வளவுக்கு உயர்கிறதோ அவ்வளவுக்கு ஒலியும் தெளியும் என்றும் ஓர் அபிப்பிராயம் மன்னார்த் தீவிலும் எதிர்க்கரை ஊர்களிலும் வேரூன்றி நிற்கிறது. தலைமன்னாரிலும் பேசாலையிலும், பாலத்துக்கு இப்பால் வங்காலையிலும் முருங்கனிலும், தெற்கே அரிப்பு, சிலாவத்துறை வரையிலும் புளூடூத் பெட்டி இன்று சாதாரண வீட்டுப் பொருள். கூத்து ஒத்திகைக்கும் செபமாலைக்கும் பிறந்தநாள் வீட்டுக்கும் வலை பொத்தும் வாடிக்கும் அது போகிறது. அது போகும் இடமெல்லாம் இந்த அபிப்பிராயமும் கூடவே போகிறது. போன் கடையில் அதையே சொல்லுகிறார்கள். வீட்டு இளைஞர்கள் அதையே பெரியவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். இது தவறு என்பதும், தவறு என்ற அளவில் நில்லாமல் தீங்கும் விளைக்கிறது என்பதும் என் கட்சி.

எதிர்வாதத்தை அதன் முழுப் பலத்தோடும் எடுத்துரைத்த பின்பே மறுப்பது நியாயம். சப்தத்தை இலக்கமாக்க வேண்டுமானால் அதைச் சம இடைவெளிகளில் அளந்துகொண்டே போக வேண்டும். ஒரு விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறோம் என்பதே சாம்பிள் ரேட். இசைத்தட்டான சீடிக்கு 44,100 முறை. வீடியோவுக்கு வழக்கமாக 48,000. ஒலிப்பதிவுக் கூடங்களில் 96,000, 192,000 என்றும் உண்டு. இதிலிருந்து அவர்கள் நான்கு நியாயங்களை எடுக்கிறார்கள். பாட்டு ஓர் அளவில் பதிவாகி, பெட்டி வேறோர் அளவில் இயங்கினால் இடறத்தானே செய்யும் என்பது ஒன்று. 2017இல் வெளிவந்த அண்ட்ரொய்ட் 8 முதலாகப் போனின் டெவலப்பர் அமைப்புகளுக்குள் புளூடூத் சாம்பிள் ரேட்டைத் தெரிந்தெடுக்க ஓர் இடம் வைத்திருக்கிறார்களே, பயனில்லாமலா வைத்தார்கள் என்பது இரண்டு. மாற்றிப் பார்த்தபோது பெட்டி திருந்தியதைக் கண்ணால் கண்டோம் என்பது மூன்று. கூடுதலாக அளந்தால் கூடுதல் உண்மை கிடைக்கும் என்பது நான்கு. இவை மூடத்தனமான வாதங்கள் அல்ல. விலையுயர்ந்த வயர் உபகரணங்களோடு பழகியவர்கள், இலக்கம் பொருந்தாமல் சப்தமே எழாத நிலையை உண்மையிலேயே கண்டிருப்பார்கள். ஆயினும் அங்கே உண்மையாக இருப்பது இங்கே செல்லாது.

1. பொருத்தம் பார்ப்பது யார் என்று முதலில் கேட்க வேண்டும். புளூடூத் வழியாக இசை செல்லுவதற்கு ஏ-டூ-டி-பி என்னும் விதித்தொகுப்பு ஒன்று உண்டு. அதன்படி, இசையைப் பெறும் எந்தப் பெட்டியும் எஸ்.பி.சி. என்னும் சுருக்குமுறையை அறிந்திருக்க வேண்டும். அந்த முறையில் 44,100, 48,000 ஆகிய இரண்டு அளவுகளையும் ஏற்றாக வேண்டும். அனுப்பும் போனோ இவ்விரண்டில் ஒன்றையாவது அனுப்ப வல்லதாக இருக்க வேண்டும். இரண்டும் இணையும் கணத்திலேயே தங்களுக்குப் பொதுவான அளவொன்றைத் தாமே பேசி முடிவு செய்துகொண்டு பின்புதான் பாடத் தொடங்குகின்றன. விதிக்கு அமைந்து செய்யப்பட்ட இரண்டு யந்திரங்களுக்கிடையே பொதுவான அளவு இல்லாமற்போக வழியே இல்லை.

மேலும், போனிலுள்ள பாட்டின் அளவு பெட்டி வரை வருவதேயில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. போன் அந்தக் கோப்பை முற்றாக விரித்து, தன் உள்ளேயே வேண்டிய அளவுக்கு மாற்றி, எஸ்.பி.சி.யாகவோ வேறொன்றாகவோ மறுபடி சுருக்கித்தான் காற்றில் விடுகிறது. 44,100ஐ 48,000 ஆக்குவது 147க்கு 160 என்னும் விகிதக் கணக்கு. மலிவான போனும் சிரமமின்றி இடையறாது செய்யும் வேலை அது. ஆகவே ‘இந்தப் பாட்டு பெட்டிக்கு ஒத்துவரவில்லை’ என்று சொல்லுகிறவர், பெட்டி ஒருபோதும் காணாத ஒன்றைப் பெட்டி நிராகரித்ததாகச் சொல்லுகிறார்.

2. உண்மையிலேயே பொருந்தாமற் போனால் என்ன நேரும்? விநாடிக்கு 44,100 என்று அளந்ததை 48,000 என்று நினைத்து ஒரு யந்திரம் வாசித்தால், ஒரு மணி நேரக் கூத்துப் பதிவு ஐம்பத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அண்ணாவியாரின் குரல் ஏறக்குறைய முக்கால் கட்டை உயர்ந்து ஒலிக்கும். ஆர்மோனியத்தை வைத்துச் சுருதி பார்க்கிற எவரும் இரண்டாம் அடிக்குள் அதைக் கண்டுபிடித்துவிடுவார். தலைகீழாக நேர்ந்தால் குரல் தாழ்ந்து இழுபடும். அளவு பிசகினால் விளையும் நோய் இதுதான். நம்முடைய பெட்டிகளிலோ சுருதி சற்றும் மாறாமல், நடுநடுவே ஒலி மட்டும் அற்றுப் போகிறது. வயிற்று வலிக்காரனுக்குக் கண்ணிலே மருந்து விடுவது போன்றதே இந்தச் சிகிச்சை.

3. ‘மாற்றினேன், சரியாயிற்று, இதைவிடப் பிரத்தியட்சம் வேறென்ன வேண்டும்?’ என்பார்கள். அவர்களுடைய வாதங்களுள் மிகவும் பலமுள்ளது இதுதான். ஆகையால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். போனில் அந்த இலக்கத்தை மாற்றியவுடன், ஓடிக்கொண்டிருக்கும் இசைத்தாரை மூடப்பட்டு, இரண்டு யந்திரங்களும் மறுபடி பேசி, புதிய தாரை திறக்கப்படுகிறது. இடையில் தேங்கிக் குழம்பியிருந்தது எதுவாயினும் அதனால் கழிந்துபோகிறது. புளூடூத்தை ஒருமுறை அணைத்துப் போட்டாலும் இதே பலன் கிடைத்திருக்கும், 48ஐ 44.1 ஆக்காமல், 44.1ஐ 48 ஆக்கியிருந்தாலும் கிடைத்திருக்கும். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை விஞ்ஞானம் என்று கொள்ளலாகாது. பரிசோதிக்க விரும்புகிறவர், பெட்டி அறுபடும்போது ஒரு முறை இலக்கத்தை மாற்றியும், அடுத்த முறை இலக்கத்தைத் தொடாமல் இணைப்பை மட்டும் துண்டித்துச் சேர்த்தும் பார்க்கட்டும்.

‘இலக்கத்தைக் குறைத்தால் காற்றிலே செல்லும் சுமை குறையுமல்லவா?’ என்று படித்தவர் சிலர் கேட்பதுண்டு. கணக்கு அதற்கும் இடங்கொடுக்கவில்லை. எஸ்.பி.சி.யின் உயர்தர அமைப்பில் 48,000க்கு விநாடிக்கு 345 கிலோபிட் செல்லுகிறது, 44,100க்கு 328; வித்தியாசம் நூற்றுக்கு ஐந்து. சோனி நிறுவனத்தின் எல்டாக் முறையில் 990, 660, 330 கிலோபிட் என்று மூன்று படிகள் உண்டு. 96,000க்கும் 48,000க்கும் அந்த மூன்று படிகளும் ஒன்றேதான். சுமையைக் குறைப்பது படியைக் குறைப்பதே. எல்டாக் பெட்டியை வைத்துக்கொண்டு கடற்கரையில் அவதிப்படுகிறவர், அதே டெவலப்பர் அமைப்புகளுக்குள் சாம்பிள் ரேட்டுக்கு அருகிலேயே இருக்கும் தரப்படியை 990இலிருந்து 330க்கு இறக்கினால் உண்மையாகவே சுகம் காண்பார். பக்கத்தில் இருக்கும் பரிகாரத்தை விட்டு இலக்கத்தையே பிடித்துக்கொண்டிருக்கச் செய்தது இந்த அபிப்பிராயம் அல்லவா?

4. இலக்கம் பெரிதானால் ஒலி பெரிதாகுமா? ஆகாது என்பதற்கு 1928இல் நைக்குவிஸ்டும் 1949இல் ஷனனும் கணிதத்தால் ஆதாரம் கூறிவிட்டார்கள். ஓர் ஒலியின் அதிர்வைப் போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால் அந்த ஒலி முழுவதும் கைப்படும். அதற்கு மேல் அளப்பதால் அந்த ஒலியைப் பற்றிப் புதிதாக எதுவும் தெரியவராது. மனிதச் செவியின் எல்லை, இளமையிலேகூட, 20,000 ஹேர்ட்ஸ் அளவில் முடிகிறது. வயதேற ஏற அது கீழிறங்குகிறது. 44,100 என்பது 22,050 ஹேர்ட்ஸ் வரை பிடித்துவிடும்.

செவிகளை வைத்தே சோதித்தவர்களும் உண்டு. மேயரும் மொரானும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்ந்த அளவுப் பதிவுகளை அப்படியேயும், சீடியின் அளவுக்கு இறக்கியும் மாறிமாறிக் கேட்பித்தார்கள். 554 தடவைகளில் 276 தடவையே சரியான விடை வந்தது, நாணயம் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும். 2016இல் றைஸ் என்பவர் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நூற்றுக்கு 52.3 தடவை சரியான விடை வரும் அளவுக்கு மிகச் சிறிய வேறுபாடு கேட்பதாகவும், பயிற்சி பெற்றவர்களிடம் அது சற்றுக் கூடுவதாகவும் கண்டார். அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் அந்த ஆய்வுகள் சிறந்த வயர் உபகரணங்களில் நடந்தவை. உள்ளங்கை அகல ஒலிபெருக்கியை மணலில் வைத்து, சோளகக் காற்று அடிக்கும் முற்றத்திலே நடந்தவையல்ல.

அதற்கும் மேலாக ஒன்று: புளூடூத்திலே செல்லுவது முழு ஒலியன்று, சுருக்கப்பட்ட ஒலி. சீடியின் ஒலிக்கு விநாடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும், எஸ்.பி.சி. கொண்டுசெல்லுவது அதில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. 24 பிட், 96,000 என்னும் பதிவுக்கு 4,608 கிலோபிட் வேண்டும். எல்டாக்கின் உச்சப்படியும் அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே கொண்டுசெல்லுகிறது, அவ்வளவுதான். அந்த எல்டாக்கும் போன், பெட்டி ஆகிய இரண்டிலும் இருந்தால்தான் இயங்கும். ஐபோனில் அது இல்லை. ‘ஹை-ரெஸ்’ என்ற முத்திரைக்குக் கூடுதல் காசு கொடுத்துப் பெட்டியை வாங்கி, அந்த முறையை அறியாத போனோடு இணைத்து, எஸ்.பி.சி.யிலேயே கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பம், இந்த மயக்கத்தின் விலையைக் காசாகவே செலுத்தியிருக்கிறது.

5. அப்படியானால் பெட்டி ஏன் அறுபடுகிறது? விடை காற்றிலே இருக்கிறது. புளூடூத் 2,402 முதல் 2,480 மெகாஹேர்ட்ஸ் வரையிலான ஒடுங்கிய ஓர் இடத்தில், 79 சிறு வழிகளுக்கிடையே விநாடிக்கு 1,600 முறை தாவித்தாவிச் செல்லுகிறது. வீட்டு ரவுட்டரின் வைஃபையும் பெரும்பாலும் அதே இடத்தில்தான் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அங்கேதான். மடிக்கணினியில் செருகிய யூ.எஸ்.பி. 3 வன்தட்டின் இரைச்சலும் அங்கேயே விழுகிறது. அந்த அலைகளுக்குப் பெரும் பகை தண்ணீர். மனித உடம்போ பெரும்பாலும் தண்ணீர்.

இதைக் கண்ணால் காண்பதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. மாலை வேளையில் கரையோரம் வலை பொத்துகிறவர் ஒருவர் போனைச் சாரத்தின் இடுப்பு மடிப்பில், முதுகுப்புறமாகச் செருகியிருக்கிறார். பெட்டி அவருக்கு முன்னே, ஏழெட்டு மீற்றர் தள்ளி, கவிழ்த்த வள்ளத்தின் மேல் இருக்கிறது. அவர் குனிந்து வலையை இழுக்கும்போது பாட்டு அறுகிறது. நிமிர்ந்து திரும்பும்போது தொடருகிறது. வீட்டிலே நன்றாகப் பாடிய பெட்டி கரைக்கு வந்ததும் கெட்டுவிட்டது என்று அவர் முடிவு கட்டுகிறார். உண்மை வேறு: வீட்டிலே சுவரும் கூரையும் அலையைத் திருப்பியடித்து, உடம்பைச் சுற்றியும் பெட்டிக்குச் சேர்ப்பிக்கின்றன, திறந்த மணல்வெளியிலே திருப்பியடிக்க எதுவுமில்லை, நேர்வழி ஒன்றே வழி, அந்த வழியில் அவருடைய உடம்பே நிற்கிறது. போனை எடுத்து வள்ளத்தின் மேலேயே, பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி வைத்தால் தீர்ந்தது. மன்னாரைப் போலத் தட்டையான, மரமும் மதிலும் குறைந்த திறந்த கரைகளுக்கு இந்த நியாயம் விசேஷமாகப் பொருந்தும். எந்த இலக்கத்தை மாற்றினாலும் ஒருவருடைய உடம்பு ஒளிபுகும் கண்ணாடியாகிவிடப் போவதில்லை.

ஒத்திகைக்காரர் சிலர், பாடுகிறவரின் குரல் பெட்டி வழியே மத்தளத்தோடு சேராமல் பிந்தி வருவதற்கும் சாம்பிள் ரேட்டையே குற்றஞ்சாட்டுகிறார்கள். சுருக்கி, அனுப்பி, சேமித்து, விரிப்பதற்குள் விநாடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை கழிந்துவிடுவது புளூடூத் பெட்டிகளில் சாதாரணம். விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு என்பது, சப்தத்தின் வேகத்தில், ஏறத்தாழ எழுபது மீற்றருக்கு அப்பாலிருந்து பாடுகிறவருக்கு இங்கிருந்து தாளம் போடுவதற்குச் சமம். அதற்கு மருந்து வயர் ஒன்றே.

6. சாம்பிள் ரேட் உண்மையாகவே நம்மைக் கெடுக்கும் இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தை எவரும் பார்ப்பதில்லை. புளூடூத்துக்கு இசைக்கென ஒரு வழி இருப்பது போலவே, தொலைபேசிப் பேச்சுக்கென வேறொரு வழியும் உண்டு. ஹேண்ட்ஸ் ஃப்ரீ என்னும் அந்த வழியில், பழைய முறையில் விநாடிக்கு 8,000 முறையும், புதிய முறையில் பெரும்பாலும் 16,000 முறையுமே ஒலி அளக்கப்படுகிறது. பெட்டியிலுள்ள மைக்கை ஏதேனும் ஒரு செயலி கேட்ட மாத்திரத்தில், பெட்டி இசைவழியை விட்டுப் பேச்சுவழிக்கு மாறிவிடுகிறது. இறால் வாடியிலிருந்தோ கோயில் முற்றத்திலிருந்தோ, ரொறொன்ரோவிலும் பாரிசிலும் இருக்கும் உறவினருக்கு வட்ஸ்அப் அழைப்பு எடுத்ததும், பெட்டியின் ஒலி திடீரென்று குழாய்க்குள்ளிருந்து வருவது போலச் சுருங்குவது இதனாலேயே. 44.1க்கும் 48க்கும் இடையே இல்லாத வித்தியாசம் 48க்கும் 8க்கும் இடையே இருக்கிறது. ஆனால் இந்த 8, சாம்பிள் ரேட் தெரிந்தெடுக்கும் பட்டியலிலே தோன்றுவதில்லை.

பரிகாரம் எளிது. அண்ட்ரொய்ட் போனின் புளூடூத் பட்டியலில் பெட்டியின் பெயருக்கருகேயுள்ள பற்சக்கரத்தைத் தொட்டால், அழைப்புக்கென ஓர் ஆளியும் இசைக்கென ஓர் ஆளியும் தெரியும். அழைப்பை அணைத்து, இசையை விட்டுவிட வேண்டும். விண்டோஸ் 10 கணினியிலே ஒரே பெட்டி ஸ்டீரியோ என்றும் ஹேண்ட்ஸ் ஃப்ரீ என்றும் இரண்டு பெயர்களில் நிற்கும். முன்னதைத் தெரிந்தெடுக்க வேண்டும், மைக்குக்குக் கணினியின் சொந்த மைக்கை வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவையும் கற்பிக்க எடுக்கும் நேரம், டெவலப்பர் அமைப்புகளைத் திறப்பதற்கு ஏழு முறை தட்டச் சொல்லிக் கொடுக்கும் நேரத்தைவிட அதிகமன்று.

7. ‘இலக்கத்தை மாற்றிப் பார்ப்பதில் என்ன நட்டம்?’ என்பது அவர்களுடைய கடைசி அரண். பெட்டியிலே பாட்டுக் கேட்பது மட்டும் விஷயமாயிருந்தால் நானும் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன். நட்டம் பதிவிலே இருக்கிறது.

மன்னாரில் மாதோட்டப் பாங்கென்றும் யாழ்ப்பாணப் பாங்கென்றும் இரண்டு கூத்து மரபுகள் இருக்கின்றன. தபசு காலத்திலே வியாகுலப் பிரசங்கம் ஓதும் பழைய இராகங்கள் இருக்கின்றன. அவற்றை மனப்பாடமாக அறிந்த முதியவர்கள் குறைந்துவருகிறார்கள் என்று அஞ்சி, பேரப்பிள்ளைகள் பதிவு செய்யத் தொடங்கியிருப்பது பெரும் புண்ணியம். ஆனால் அவர்கள் எதைச் சரிபார்க்கிறார்கள்? செயலியிலே 48,000 என்றோ 96,000 என்றோ இலக்கம் தெரிகிறதா என்பதைச் சரிபார்க்கிறார்கள். பெட்டி இணைந்திருக்கும்போது சில செயலிகளும் பல கணினிகளும் அந்தப் பெட்டியின் மைக்கையே எடுத்துக்கொள்ளும் என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அப்போது, பழைய முறையானால், குரல் 8,000 முறையே அளக்கப்பட்டு, 4,000 ஹேர்ட்ஸுக்கு மேலுள்ள யாவும் உதிர்ந்து, பின்பு வெறும் கணக்கினால் 48,000 ஆக விரிக்கப்பட்டு, 48,000 என்ற பெயரோடு சேமிக்கப்படுகிறது. ‘சர்வேசுரா’ என்னும் விளியிலுள்ள சகரத்தின் மெல்லிய சீறலும், கைத்தாளத்தின் கூரிய ஓசையும் அந்தக் கோப்பிலே இல்லை. அவுடாசிட்டி என்னும் மென்பொருளிலே அதைத் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியைப் பார்த்தால், கீழே ஒரு பட்டை நிறமும், அதற்கு மேலே வெறுமையும் தெரியும். இலக்கம் உயர்ந்திருப்பதால் எவரும் சந்தேகப்படுவதில்லை. இழந்ததை எந்த யந்திரத்தாலும் பின்னர் மீட்க முடியாது. பாடியவரை மறுபடி பாடச் சொல்ல வேண்டும், அவர் இருந்தால்.

ஆகையால் இளைஞர்களிடம் நான் கேட்பது இதுதான். முதியவர் ஒருவரைப் பதிவு செய்ய உட்காரும்போது புளூடூத்தை முற்றாக அணையுங்கள். போனின் சொந்த மைக்கை அவருடைய வாய்க்கு இரண்டு சாண் தூரத்தில், காற்று நேரே அடிக்காத பக்கமாக வையுங்கள். 44,100 அல்லது 48,000, எது வந்தாலும் போதும். முடிந்தால் எம்பி3 ஆக அன்றி, சுருக்காத வேவ் கோப்பாக வையுங்கள். முதல் நிமிடத்தைப் பதிந்தவுடன் நிறுத்தி, வயர் ஹெட்போனில் ஒருமுறை கேட்டு, சகரமும் கைத்தாளமும் காதில் விழுகின்றனவா என்று பாருங்கள். அதன் பின்பே மேலே பாடச் சொல்லுங்கள்.